வேக மறுத்த பிடியரிசி

கொன்றையூர் முருகன் கோயில் மடைப்பள்ளியில் அரிசி வேக மறுத்தது தை மாதத்து மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு என்று அவ்வூரார் இன்றைக்கும் துல்லியமாகச் சொல்வார்கள். ஏனெனில் அந்நேரத்தில்தான், ஒன்றரை மணி நேரமாகக் கொதித்துக்கொண்டிருந்த வெண்கலப் பானைக்குள் கரண்டியை விட்டுத் துழாவிய சமையற்காரர் பூமிநாதன், ஆற்றுமணலைக் கிளறுவது போன்ற ஓசையைக் கேட்டு, ஒரு மணி அரிசியை எடுத்து விரலிடையில் நசுக்கிப் பார்த்து, அது நசுங்காமல் வழுக்கித் தரையில் விழுந்து உருண்டோடியதைக் கண்டு, அடுப்பிலிருந்த விறகையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டுவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்தார்.

அது குழந்தைகளின் அரிசி. கொன்றையூரில் எந்த வீட்டிலும் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடியைத் தனியே எடுத்துச் சாமிக்கென்று ஒரு டப்பாவில் இட்டுவைப்பார்கள். பெரியவர்களின் பிடியெல்லாம் சேர்ந்து பங்குனி உத்திரத்தன்று, பழனிக்கு நடந்து போகும் அடியார்களுக்குச் சோறாகும். குழந்தைகளின் பிடி மட்டும் ஞாயிறுதோறும் கோயிலுக்கு வந்து, வெண்கலப் பானையில் வெந்து, வாசலில் அமர்ந்திருப்போருக்கும் வழிப்போக்கருக்கும் போகும். இந்த இரண்டாவது வழக்கத்தை ஏற்படுத்தியவள் மங்கையர்க்கரசி. வாரத்தில் ஆறு நாள் தபால் நிலையத்தில் முத்திரை குத்துபவள்; ஏழாம் நாள் கோயிலின் தெற்கு மண்டபத்தில் பதினேழு குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்து, கண்களை எப்படி மூட வேண்டும், கைகளை நெஞ்சுக்கு நேரே எப்படிக் குவிக்க வேண்டும், பாடலில் எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும் என்றெல்லாம் சொல்லித் தருபவள். பிடியரிசியைப் பானையில் இடுவதற்கும் அவளிடம் முறை இருந்தது. வலக்கையால் இட வேண்டும். முகம் மலர்ந்திருக்க வேண்டும். "முருகா, உனக்கு" என்று சொல்ல வேண்டும். முகம் மலராத பிள்ளை வரிசையின் கடைசிக்குப் போய் மலர்ந்த பிறகு திரும்பி வரலாம்.

பதினான்கு ஆண்டுகளாக இப்படியே நடந்தது. பதினான்கு ஆண்டுகளும் அரிசி வெந்தது.

"என்ன பூமி, அடுப்புல தீ இருக்கா, இல்ல தீ மாதிரி படம் வரைஞ்சு வச்சிருக்கியா?" என்று கேட்டார் அறங்காவலர் குழுத் தலைவர் ஞானவேல்.

"தீ இருக்குங்க. அரிசிக்குத்தான் மனசு இல்ல."

முதல் வாரம் தண்ணீரைக் குறை சொன்னார்கள். இரண்டாம் வாரம் விறகையும், பிறகு பானையையும், பானையைத் துலக்கிய புளியையும் குறை சொன்னார்கள். ஆனால் அதே அரிசியைக் கழுவி வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பொங்கினால் கால் மணி நேரத்தில் மல்லிகைப்பூவாய் மலர்ந்தது. சாமியின் பானையில்தான் அது கல்லாக இருந்தது. மூன்றாம் வாரம், நாற்பது ஆண்டுகளாகச் சோற்றோடு பழகியவர் என்ற உரிமையில் பூமிநாதன் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு குழந்தையின் பிடியையும் தனித்தனித் துணியில் தளர்வாக முடிந்து, முடிச்சில் வெவ்வேறு நிற நூல் கட்டி, எல்லாவற்றையும் ஒரே பானையில், ஒரே தண்ணீரில் இட்டார். மங்கையர்க்கரசியும் தன் பிடியை மஞ்சள் நூலால் கட்டிப் பதினெட்டாவதாக இட்டாள். ஒரு மணி நேரம் கழித்துக் குழந்தைகளின் முடிச்சுகளை அவிழ்த்தபோது இரண்டு வெந்திருந்தன. ஒன்று பேச்சே இன்னும் சரியாக வராத மூன்று வயதுப் பையனுடையது. மற்றொன்று லாரி ஓட்டுநர் ஒருவரின் மகள், ஏழு வயது சுடர்க்கொடியுடையது. மஞ்சள் நூல் முடிச்சை மட்டும் பூமிநாதன் அவிழ்க்காமல் விரலால் அழுத்திப் பார்த்தார், மங்கையர்க்கரசியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், பிறகு மற்றவர்கள் பார்க்கும் முன் அதைத் தம் இடுப்பில் செருகிக்கொண்டார்.

கொன்றையூரில் எந்த வியப்பும் மூன்று நாளைக்கு மேல் தங்குவதில்லை. குழாய்த் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வருவதற்கும், இரண்டு மணிப் பேருந்து நான்கு மணிக்கு வருவதற்கும் பழகிய ஊர், சாமிக்குக் கொடுக்கும் அரிசியில் சில வேகும், சில வேகாது என்பதற்கும் பழகிக்கொண்டது. பெரியவர்களும் தங்கள் பிடியை முடிந்துகொண்டு வரத் தொடங்கினார்கள். செவ்வாயும் வெள்ளியும் மடைப்பள்ளி வாசலில் வரிசை நின்றது. வேகாத முடிச்சைப் பூமிநாதன் குளிர்ந்த நீரில் அலசி, உரியவர் கையில் கொடுத்து, "சாமி திருப்பி அனுப்பிட்டாருங்க" என்று பணிவாகச் சொல்வார். அவர்களும் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்து, தலையைக் குனிந்தபடி உண்பார்கள். ஒரு வீட்டில் மருமகளுடைய முடிச்சு வெந்து மாமியாருடையது வேகாமல்போக, அவ்வீட்டில் நான்கு நாள் பேச்சுவார்த்தையே இல்லை. வார்டு உறுப்பினர் தம் படம் அச்சிட்ட பையில் ஒரு மூட்டை அனுப்பினார். ஆறு மணி நேரம் கொதித்த பின் அதைக் கொட்டியபோது ஜல்லி இறக்கும் சத்தம் கேட்டது. ஊரோடு ஓயாமல் சண்டை போடுகிறவரும், திருநீறு இட்டு யாரும் பார்த்திராதவருமான செங்கல் சூளை பேச்சிமுத்துவின் முடிச்சோ குழையக் குழைய வெந்தது. அது எப்படி என்று கேட்கப் போனவர்களை அவர் நாயை ஏவி விரட்டினார். அதன்பிறகு கொன்றையூரில் யார் நல்லவர், யார் பொல்லாதவர் என்று பேசுபவர்களின் குரல் வெகுவாகத் தணிந்தது.

இவ்வளவிலும் ஒரு பலன் விளைந்தது. வேகும் அரிசியைக் கொடுக்கப் பிள்ளைகள் சிறுவயதிலேயே கற்றுக்கொள்ள வேண்டும் என்று பெற்றோர் முடிவுசெய்ததால், ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பதினேழு குழந்தைகள் இருந்த இடத்தில் அறுபத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோரின் அரிசியும் வேகவில்லை.

"டீச்சர், மூணு வாரமா எம் பையனை அனுப்பறேன். இன்னும் விதை விதையாத்தான் நிக்குது" என்றாள் ஒரு தாய். "நீங்க அவனைக் கொஞ்சம் தனியா உக்கார வச்சுக் கவனிங்க."

"கவனிக்கறேம்மா" என்றாள் மங்கையர்க்கரசி.

ஆனால் அவள் கவனம் முழுவதும் மஞ்சள் நூல் முடிச்சில் இருந்தது. தன் பிடி வேகாதது பூமிநாதனுக்கு மட்டுமே தெரியும். அவரோ வாயைத் திறக்காதவர். அவள் அரிசியை மாற்றினாள். சீரகச் சம்பா வாங்கி, ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி எடுத்தாள். கிருத்திகை விரதத்தோடு சஷ்டியும் சேர்த்து இருந்தாள். ஈரப் புடவையோடு நின்று நூற்றெட்டு முறை நாமம் சொல்லிப் பிடியை எடுத்தாள். கண்ணாடி முன் நின்று, முகம் மலர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டும் எடுத்தாள். ஒவ்வொரு வாரமும் பூமிநாதன் மஞ்சள் நூல் முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டார். அவளுக்குத் தெரிந்த பாடல்களில் அடியார்கள் உருகினார்கள், கரைந்தார்கள், நெக்கு விட்டு அழுதார்கள். அவள் அவற்றை ஓர் எழுத்துப் பிசகாமல் பாடி, பாடி முடித்ததும் எந்தப் பிள்ளை எங்கே பிசகியது என்று சொன்னாள்.

பங்குனி பிறந்தது. உத்திரத்துக்கு ஆறு நாள் முன்பு அறங்காவலர் குழு கூடியது. உத்திரத்தன்று அண்டாக்களில் பிடியரிசியைத் தவிர வேறு அரிசி விழக் கூடாது என்பது கோயில் வழக்கம். ஊரின் ஓராண்டுப் பிடியெல்லாம் நான்கு அண்டாக்களில் ஒன்றாக வேக வேண்டும்.

ஞானவேல் எழுந்து நின்று பேசினார். "மூவாயிரம் பேர் நடந்து வர்றாங்க. காலுல கொப்புளத்தோட வர்றவங்ககிட்ட, இங்க அரிசிக்குக் கோவம்னு சொல்ல முடியாது. பத்து மணிக்கு இலை போடணும். ஒன்பது மணிக்குள்ள வேகலைன்னா திண்டுக்கல்லுக்குப் போன் போட்டுப் புளியோதரை இறக்கிடுவேன். அதோட இந்தப் பிடியரிசியையும் நிறுத்திடுவோம், வகுப்பையும் நிறுத்திடுவோம். கல்லு குடுக்கறதுக்குப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எதுக்குங்க?"

குழுவினர் தலையாட்டினார்கள். மங்கையர்க்கரசி தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தத் தெற்கு மண்டபத்தைத் தவிர அவளுக்கென்று இவ்வுலகில் ஓரிடம் இல்லை. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அவளுடைய தங்கை அலர்மேலு காய்ச்சலில் கிடந்தபோது, இதே கோயிலில் பத்து நாள் கொடிமரத்தடியில் விழுந்து கிடந்து மங்கையர்க்கரசி அவளுக்காக வேண்டினாள். பதினோராம் நாள் தங்கை இறந்தாள். காரியம் முடிந்த அடுத்த ஞாயிறே அவள் வகுப்பைத் தொடங்கியபோது, இப்படியும் ஒரு பக்தி உண்டா என்று ஊரே கைகூப்பியது. அன்று முதல் தனக்கென்று அவள் எதையும் சாமியிடம் கேட்டதில்லை. அதையும் ஊர் ஒரு பெருமையாகவே சொல்லிக்கொண்டது.

உத்திரத்தன்று விடியற்காலை ஐந்து மணிக்கு நான்கு அண்டாக்களும் அடுப்பேறின. ஏழு மணிக்கு மணல் ஓசை கேட்டது. எட்டு மணிக்கும் அதே ஓசைதான். துடுப்பைப் போட்டுத் துழாவிய பூமிநாதன், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பருக்கைகள் மட்டும் மலர்ந்து, கல்லுக்கிடையில் முல்லை உதிர்ந்ததுபோல் சுழல்வதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். தலைவர் கைப்பேசியை எடுத்து வைத்துக்கொண்டு கோயில் கடிகாரத்தைப் பார்த்தார். மடைப்பள்ளிக்கு வெளியே ஊர் திரண்டு நின்றது. எட்டரை மணிக்கு, வழக்கப்படி, குழந்தைகள் அறுபத்து மூன்று பேரும் அன்றைய பிடியைக் கையில் ஏந்திக்கொண்டு முதல் அண்டாவுக்கு முன் வரிசையாக வந்தார்கள். பூமிநாதன் ஒவ்வொருவரையும் அக்குளில் கைகொடுத்துத் தூக்க, அவர்கள் முகம் மலர்ந்து, "முருகா, உனக்கு" என்று சொல்லி அரிசியை இட்டார்கள்.

சுடர்க்கொடியின் முறை வந்தபோது வரிசை நின்றுவிட்டது. தூக்கிப் பிடித்த பூமிநாதனின் கை வலிக்கும் அளவுக்கு அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. பிறகு கையை விரித்தாள். அவள் முகம் மலரவில்லை.

கீழே இறங்கியவளை மங்கையர்க்கரசி ஓரமாக அழைத்துக் குனிந்தாள்.

"என்னம்மா அவ்வளவு நேரம் சொன்ன?"

"சாமிகிட்ட பேசினேன், டீச்சர்."

"அதான், என்ன பேசின?"

"திட்டுவீங்க."

"திட்ட மாட்டேன். சொல்லு."

சுடர்க்கொடி இருபுறமும் பார்த்துக்கொண்டாள். "எனக்குக் குடுக்க மனசில்லைன்னு சொன்னேன். எங்க வீட்ல அரிசி கம்மியாத்தான் இருக்கும். அம்மா கை பெருசு, எங் கை சின்னது, அதனால என்னைத்தான் எடுக்கச் சொல்லும். அதை வறுத்து வெல்லம் போட்டுத் திங்கணும்னு எனக்கு ஆசை. ஆனா அம்மா சாமிக்குன்னு சொல்லிருச்சு. அதான், மனசில்லாமதான் குடுக்கறேன், கோவிச்சுக்காம சாப்பிடு, நாளைக்கும் இப்படித்தான் இருப்பேன்னு சொன்னேன்."

"தினமுமா இப்படிச் சொல்லுவ?"

"தினமும்தான். போன புதன்கிழமை மட்டும் சொல்லல. அன்னைக்கு வயிறு நெறஞ்சிருந்துச்சு, குடுக்கலாம்னு இருந்துச்சு."

பின்னால் நின்ற பையன் ஒருவன் எட்டிப் பார்த்து, "அதுக்கு சாமி என்ன சொல்லுச்சு?" என்று கேட்டான்.

"ஒண்ணும் சொல்லல. சாப்பிட்டுருச்சு."

அறுபத்து மூன்று குழந்தைகளுக்கு மங்கையர்க்கரசி கண்களை மூடக் கற்றுத் தந்திருந்தாள், கைகளைக் குவிக்கக் கற்றுத் தந்திருந்தாள், முகத்தை மலர வைக்கவும் கற்றுத் தந்திருந்தாள். அவர்களில் ஒருத்தி மட்டும் அவள் சொல்லாத ஒன்றைச் செய்து, பசியை மறைக்காமல், ஆசையை மறைக்காமல், எதிரே ஒருவர் இருக்கிறார் என்று நம்பிப் பேசியிருக்கிறாள். இருக்கிறார் என்று நம்பாமலா தானும் பதினான்கு ஆண்டுகள் இந்தக் கோயிலுக்கு வந்தாள்? நம்பித்தான் வந்தாள். நம்பியே அவரோடு பேசாதிருந்தாள்.

அவள் நிமிர்ந்தாள். மடியிலிருந்த மஞ்சள் நூல் முடிச்சை எடுத்து, எல்லாரும் பார்க்க அவிழ்த்தாள். அவள் அண்டாவை நோக்கி நடக்கும்போது, வகுப்பை மூடிவிடாதீர்கள் என்று கெஞ்சப்போகிறாள் என்று நினைத்துத் தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளோ தலைவரைப் பார்க்கவில்லை. கொதிக்கும் நீரின் ஆவி முகத்தில் அடிக்க, தபால் நிலையத்தில் பேசும் அதே குரலில் பேசினாள்.

"முருகா, என் அரிசி ஒரு நாளும் வேகலை. பூமி அண்ணனுக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அலர்மேலுவைக் கேட்டேன், நீ குடுக்கலை. கேட்டும் குடுக்காத உனக்கு, கேக்காமலே குடுக்கறவ நான்னு காட்டத்தான் இத்தனை வருஷம் குடுத்தேன். உன்னைவிட நான் நல்லவள்னு இந்த ஊர் பார்க்கணும், இந்தப் பிள்ளைங்க பார்க்கணும்னு குடுத்தேன். இன்னைக்கும் எனக்கு உன்மேல கோவம் தீரலை. அந்தக் கோவத்தோடதான் இதைக் கொண்டு வந்திருக்கேன். இதுதான் இருக்கு. எடுத்துக்க."

கையை விரித்தாள்.

பூமிநாதன் துடுப்பை அண்டாவுக்குள் விட்டார். ஒருமுறை சுற்றினார். இரண்டாம் முறை சுற்றும்போது அவருடைய கை நின்றது. அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். மணல் ஓசையின் நடுவே ஓரிடத்தில், உள்ளங்கையளவு வட்டத்தில், ஓசையே இல்லை. அங்கே துடுப்பு மெத்தென்று புதைந்தது. அவர் அதை உயர்த்திக் காட்டினார். துடுப்பின் நுனியில், ஒன்றோடொன்று ஒட்டாமல், நீண்டு மலர்ந்து, ஒரு பிடிச் சோறு இருந்தது.

முதலில் நகர்ந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அண்டாவின் விளிம்பருகே போய், பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காத குரலில் பேச முயன்றார். ஆனால் முப்பத்தைந்து ஆண்டு வகுப்பெடுத்த குரல் தணிய மறுத்தது. "பரலோகத்துல கணக்குக் கேப்பாங்களேன்னு பயந்துதான் போட்டேன்பா" என்றார். அவர் நகர்வதற்குள் அந்த மாமியார் வந்து, "மருமக போடுறாளேன்னு போட்டேன், சாமி, அவளைவிட ரெண்டு மணி கூடப் போட்டேன்" என்றாள். மருமகள் பின்னாலேயே வந்து, "நான் அத்தைக்குப் பயந்து போட்டது எப்படி வெந்துச்சுன்னு எனக்கே புரியலை, அதைக் கேக்கத்தான் வந்தேன்" என்றாள். அதற்குள் நான்கு அண்டாக்களையும் ஊர் சூழ்ந்துகொண்டது. பழக்கத்தால் போட்டவர்கள், பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கப் போட்டவர்கள், மகனுக்கு வேலை கிடைக்கவேண்டிப் போட்டவர்கள், கிடைத்த பிறகும் நிறுத்தத் துணியாமல் போட்டவர்கள், சண்டையிட்டுவிட்டு அழுதுகொண்டே போட்டவர்கள், எதற்குப் போடுகிறோம் என்று ஒருநாளும் நினையாமல் போட்டவர்கள் எல்லாரும் ஆவியின் மேல் குனிந்து, உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். சொன்னவர்கள் நிமிரும்போது, பக்கத்தில் சொன்னவரின் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். வார்டு உறுப்பினர் தமக்குரியதைச் சொல்ல நெடுநேரம் ஆயிற்று. அவருக்கென்று தனியாக இடம் விட்டார்கள்.

குழந்தைகளையும் யாரும் தடுக்கவில்லை. "எனக்குப் பாட்டு தெரியாது, வாயை மட்டும்தான் அசைச்சேன்" என்றது ஒன்று. "எங்கம்மா கொடுத்தத கீழ கொட்டிட்டு மண்ணோட அள்ளிப் போட்டேன்" என்றது இன்னொன்று.

மணி ஒன்பதாவதற்கு ஐந்து நிமிடம் இருந்தபோது தலைவர் ஞானவேல் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மூன்றாம் அண்டாவுக்குப் போனார். அவர் என்ன சொன்னார் என்பது யாருக்கும் கேட்கவில்லை; திரும்பி வரும்போது மங்கையர்க்கரசியின் முன் நின்று, "வகுப்புக்கு மண்டபம் பத்தாது போலிருக்கே, டீச்சர். மேற்குப் பக்கமும் எடுத்துக்கங்க" என்று மட்டும் சொன்னார்.

அப்போது நான்கு அண்டாக்களிலும் மணல் ஓசை அடங்கியது. முதலில் அமைதி, பிறகு அடியாழத்திலிருந்து ஒரு முழக்கம், பிறகு நுரை கட்டிப் பொங்கும் கஞ்சியின் சீற்றம். மூடியாகப் போட்டிருந்த பலகைகள் தாமாக எழும்பி ஆட, ஊரின் ஓராண்டுப் பிடியெல்லாம், நல்லதும் பொல்லாததும், மனமுள்ளதும் மனமில்லாததும், ஒரே சோறாக விளிம்பு வரை எழுந்து வந்தது. பூமிநாதன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குவித்தார். பிறகு வேலை நினைவு வந்து, கஞ்சி வடிக்க ஆள் கூப்பிட்டார்.

சரியாகப் பத்து மணிக்கு, அரோகரா என்ற ஒலி தேரடி வளைவைக் கடந்து வந்தது. பச்சை வேட்டியும் மஞ்சள் சேலையுமாய், தோளில் காவடியும் காலில் துணிக்கட்டுமாய் அடியார்கள் வந்து பந்தலில் அமர்ந்தார்கள். மூவாயிரம் பேர் என்று சொல்லியிருந்தார்கள். வந்தவர்கள் அதற்கு மேலும் இருந்தார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அடியார் முதல் கவளத்தை வாயிலிட்டு, மென்று, கண்களை மூடி, "எந்தக் கடை அரிசிங்க இது?" என்று கேட்டார். "எல்லார் வீட்டு அரிசியும்தான்" என்று சொல்லிவிட்டு, சுடர்க்கொடி அவர் இலையில் உப்பை வைத்தாள். வைத்த கையோடு அடுத்த இலையில் தானே உட்கார்ந்து, பரிமாறச் சொல்லிக் கைகாட்டினாள்.

பகல் இரண்டு மணி ஆகியும் வரிசை நீண்டுகொண்டே இருந்தது. நான்காம் அண்டாவிலும் அடி தெரியத் தொடங்கியபோது பூமிநாதன் மங்கையர்க்கரசியிடம் வந்து தாழ்ந்த குரலில், "இன்னொரு பந்தி நிக்குதும்மா. இலை போடட்டுமா, வேணாமா?" என்று கேட்டார்.

மங்கையர்க்கரசி கோயில் பக்கம் திரும்பினாள். அங்கிருந்து கருவறை தெரியாது; ஒரு தூணும், அதற்கப்பால் இருளில் ஒரு விளக்கும் மட்டுமே தெரியும். சோற்றுக் கையோடு இருந்ததால் அவளால் கைகுவிக்க முடியவில்லை. கண்களை மூட மறந்துவிட்டாள். பாடல் எதுவும் நாவில் எழவில்லை. பதினான்கு ஆண்டுகளில் முதன்முறையாக அவள் அவரிடம் ஒன்று கேட்டாள்.

"இவங்களுக்கும் வேணும்" என்றாள்.

பிறகு அண்டாவுக்குள் எட்டிப் பாராமலே பூமிநாதனிடம் சொன்னாள்: "போடுங்கண்ணே, இலையை."